இரும்புக் குதிரையின் விக்கல்

சில நோய்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வீட்டில் இருக்கும்போது ஆளைப் படுத்தி எடுக்கும். வைத்தியர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தவுடன் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். நாடி பிடித்துப் பார்த்த வைத்தியர், "உமக்கு ஒன்றுமில்லையே!" என்று சிரிப்பார். நோயாளி அசடு வழியத் திரும்புவான். தெரு முனை தாண்டியதும் இருமல் பழையபடி கிளம்பும்.

இது மனிதருக்கு மட்டுமே உரிய சங்கடம் என்று எண்ணிவிட வேண்டாம். மனிதன் செய்த இயந்திரத்துக்கும் இது உண்டு. நம்பிக்கை இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

தென்காசியிலிருந்து மதுரைச் சாலையில் வடக்கே போனால் கடையநல்லூர் வரும், பிறகு புளியங்குடி, அதற்கப்பால் வாசுதேவநல்லூர். மேற்கே மலை கூடவே வரும். குற்றாலத்தில் சீஸன் தொடங்கிவிட்டால் அந்த மலைப் பக்கமிருந்து சாரலும் காற்றும் சாலை வரை எட்டிப் பார்க்கும். அப்படிப்பட்ட ஒரு நாளில் வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் தம் வண்டியில் தென்காசிக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புளியங்குடி வரை வண்டி ராஜநடை போடுகிறது. அப்புறம் ஒரு விக்கல். கைப்பிடியைத் திருகினால் வேகம் கூடவில்லை, எஞ்சின் திணறுகிறது. மறுபடி சரியாகிறது. மறுபடி விக்கல். கடைசியில் நடுச்சாலையில், பின்னால் லாரி ஒன்று முழங்கிக்கொண்டு வரும் சமயத்தில், 'பொக்'கென்று நின்றுவிடுகிறது. உருட்டிக்கொண்டு போய்ப் புளிய மரத்தடியில் நிறுத்துகிறார். பத்து நிமிஷம் கழித்து ஒரு உதை. வண்டி ஒன்றுமே நடவாததுபோல் ஓடுகிறது! தென்காசிப் பட்டறையில் மெக்கானிக் ஏறி இரண்டு தெரு சுற்றிவிட்டு வந்து, "நல்லாத்தானே இருக்கு அண்ணாச்சி?" என்கிறார்.

1759-ஆம் ஆண்டின் இறுதியில் யூசுப்கான் பீரங்கிகளோடு வந்து முற்றுகையிட்டும் பூலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினான். கைக்குப் பிடிபடாமல் போக்குக் காட்டுவதில் இந்த எஞ்சின் கோளாறும் அந்தக் கோட்டைக்குச் சளைத்ததல்ல. அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. ராஜாக்களின் சரித்திரம் போல அது ஏட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

*

வாசுதேவநல்லூரின் அர்த்தநாரீஸ்வரர் கோயில் புகழ் பெற்றது. ஒரே திருமேனியில் பாதி ஈசன், பாதி அம்மை. பெட்ரோல் எஞ்சினைப் புரிந்துகொள்வதற்கு அதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. எஞ்சினிலும் இரண்டு பாதிகள். பெட்ரோலைக் காற்றோடு சரியான அளவில் கலந்து கொடுப்பது ஒரு பாதி. அந்தக் கலவைக்குச் சரியான கணத்தில் பொறி வைப்பது மறு பாதி. இரண்டும் இணைந்து நின்றால் ஓட்டம். எந்தப் பாதி ஒரு கணம் விலகினாலும் விக்கல்.

1885-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் மரச்சட்டத்தில் ஒரு சிறு எஞ்சினைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார்கள். மோட்டார் சைக்கிளுக்கு அதுதான் பாட்டன். அந்தப் பாட்டனுக்கு மின்பொறி கிடையாது. வெளியே ஒரு தீபம் எரிந்து குழாய் ஒன்றைப் பழுக்கக் காய்ச்சும். அந்தச் சூட்டில் உள்ளேயுள்ள ஆவி பற்றிக்கொள்ளும். இருக்கைக்கு அடியிலேயே நெருப்பு! ஏறி உட்கார்ந்தவனின் தைரியத்தை நாம் மெச்சத்தான் வேண்டும்.

பெட்ரோலைத் துளித் துளியாகச் சிதறடித்துக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரை மேபாக் 1893-இல் உருவாக்கினார். 1902-இல் போஷ் நிறுவனத்தின் மேக்னெட்டோ, காந்தத்தின் பலத்தால் பிளக்கில் பொறி தெறிக்கச் செய்தது. சில ஆண்டுகளில் அமெரிக்காவில் கெட்டரிங் என்பவர் பாட்டரியையும் காயிலையும் கொண்டு அதே வேலையை நடத்திக் காட்டினார்.

மேக்னெட்டோ ஆனாலும் காயில் ஆனாலும் நடுவே ஒரு சின்ன வாயிற்காப்போன் உண்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் அவனுக்குப் 'பாயிண்ட்' என்று பெயர். இரண்டு உலோகப் பொட்டுகள் ஒட்டும், விலகும். விலகுகிற கணத்தில் மின்சாரம் அறுபட்டு, பிளக்கில் பொறி பிறக்கிறது. அந்தப் பொட்டுகளே கருகிப் போகாமல் காக்க, பக்கத்தில் சுண்டு விரல் அளவில் ஒரு கண்டன்சர். புல்லட் வண்டியில் பாயிண்ட் விலக வேண்டிய இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தச் சந்துக்குள்தான், பல பேருடைய பயணமும் பொறுமையும் பல வருஷங்கள் சிக்கிக் கிடந்தன.

*

புல்லட் என்றேன். அதன் கதையையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரிலிருந்த ராயல் என்பீல்டு கம்பெனி, உலக யுத்தம் முடிந்த பிறகு 350 சி.சி. புல்லட்டைப் புது உருவத்தில் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவின் ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது. சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியாகப் புல்லட்டுகள் வந்து இறங்கின. 1955-இல் இரு கம்பெனிகளும் சேர்ந்து என்பீல்டு இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். அச்சுகளும் கருவிகளும் 1957-இல் வந்து சேர்ந்தன. 1962 வாக்கில் பாகங்கள் எல்லாம் இங்கேயே உருவாயின.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது; தாய் வீடு 1970-க்குள் அடியோடு ஓய்ந்தது. பெண் கொடுத்த வீடு அழிந்த பிறகும் புகுந்த வீட்டில் பெண் செழித்திருந்தாள். 1977-இல் சென்னையில் செய்த புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே கப்பலேறின!

கம்பெனியின் சரித்திரம் இவ்வளவில் முடிகிறது. விக்கலின் சரித்திரம் இங்கேதான் தொடங்குகிறது. வண்டி வந்ததே, அதன் சீதனமாக நோயும் வந்தது. பெரிய நகரங்களில் கம்பெனியின் ஆட்கள் இருந்தார்கள். மலையடிவாரத்து ஊர்களில் யார் இருந்தார்கள்? சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டியவர், பம்ப் செட் எஞ்சினைப் பழுது பார்த்தவர், லாரியில் கிளீனராகப் போய்த் திரும்பியவர். இவர்கள் கையில்தான் அந்த வண்டிகள் ஒப்படைக்கப்பட்டன. ஆங்கிலத்தில் அச்சிட்ட வழிகாட்டி நூலை அவர்களில் பெரும்பாலோர் படிக்கவில்லை. அவர்கள் படித்தது வண்டிக்காரரின் வாய்மொழியை.

*

வாசுதேவநல்லூர்க்காரரின் வண்டிக்கு இப்போது திரும்புவோம். பட்டறைக்கு வந்ததும் நோய் மறைந்துவிட்டது. மெக்கானிக் விவரம் அறிந்தவரானால் திருப்புளியைக் கையில் எடுக்க மாட்டார். முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "எப்படி நின்றது?"

'நின்றது' என்பதில் எத்தனை விதம் இருக்க முடியும் என்று நமக்குத் தோன்றும். இரண்டு விதம் இருக்கிறது. எண்ணெய் வற்றிய விளக்கு மெல்ல மெல்ல மங்கி, ஒருமுறை துடித்து அணைகிறது. காற்றடித்த விளக்கோ சட்டென்று அணைந்துவிடுகிறது. எஞ்சினும் அப்படியே. முக்கி முனகித் தளர்ந்து நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் பக்கத்துக் குற்றம். யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் நின்றால் பெரும்பாலும் பொறிப் பக்கத்துக் குற்றம். அர்த்தநாரீஸ்வரரில் எந்தப் பாதி பிணங்கிக்கொண்டது என்பதற்கு இந்த ஒரு பதிலே பாதி விடை.

அடுத்த கேள்வி: "எப்போது?" இதில்தான் நுட்பம் அதிகம்.

சில கிலோமீட்டர் ஓடியபின் தளர்ந்து நிற்கிறது, சற்றுப் பொறுத்தால் ஓடுகிறது என்றால், கைதேர்ந்தவர் பெட்ரோல் டாங்கின் மூடியைப் பார்ப்பார். மூடியில் ஊசிமுனை அளவு காற்றுத் துளை உண்டு. அது அழுக்கால் அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. பெட்ரோல் இறங்க மறுக்கிறது. மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும். வண்டி உயிர் பெறும். இதற்காகக் கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டுகளை மாற்றி, எஞ்சினையே பிரித்த கதைகளும் உண்டு. ஒரு குண்டூசி போதுமாயிருந்தது!

வண்டி ஓடும்போது நன்றாக இருக்கிறது, வேகம் குறைத்தவுடன் நின்றுவிடுகிறது என்றால், பட்டறை மொழியில் 'ஸ்லோ நிற்கவில்லை'. மெதுவோட்டத்துக்குப் பெட்ரோல் தரும் சிறு ஜெட்டில் தூசி இருக்கலாம். அல்லது கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் திருகு தளர்ந்து திருட்டுக் காற்று நுழையலாம். டாங்கில் தண்ணீர் சேர்ந்திருந்தாலும் தொல்லைதான். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. அடியில் போய்த் தங்கும். வண்டி குலுங்கும்போது ஒரு சொட்டு ஜெட்டை மறைக்கும், பின் விலகும். விக்கலுக்கு வேறென்ன வேண்டும்?

சூடேறினால் சட்டென்று நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றால் சந்தேகம் கண்டன்சர் மேலும் காயில் மேலும் போகும். குளிர்ந்த நிலையில் இவை யோக்கியர்கள். சூட்டில்தான் சுயரூபம் தெரியும். பட்டறைக்கு வந்து ஆறிய பிறகு சோதித்தால் ஒன்றும் தெரியாததன் ரகசியம் இதுதான். கைப்பிடியை இடப்பக்கம் திருப்பினால் நிற்கிறது, பள்ளத்தில் விழுந்தால் நிற்கிறது என்றால், எங்கோ ஒரு ஒயர் உறைக்குள்ளேயே அறுந்து நூலில் தொங்குகிறது. சாரலில் மட்டும் நிற்கிறது என்றால் பிளக் மூடியில் விரிசல்; ஈரத்தின் வழியே மின்சாரம் குறுக்கு வழி தேடிக்கொள்கிறது. இருட்டில் ஓடவிட்டுப் பார்த்தால் ஒயர் மேல் நீலப் பொறி மின்னுவதைக் கண்ணாலேயே காணலாம். அருகில் பெட்ரோல் கசியாமல் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கடைசியாக ஒரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பிளக், பாயிண்ட், கண்டன்சர், கார்புரேட்டர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் வண்டி ஓடலாம். எது நோய் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அது திரும்பி வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கும், எலுமிச்சை மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோகும் விவசாயிக்கும் அந்தச் செலவு சாமானியமல்ல. பணத்தைக்கூட விட்டுவிடலாம். பின்னால் முழங்கிக்கொண்டு வந்த லாரியை மறக்க முடியுமா? விக்கலின் காரணம் தெரியாமல் அந்தச் சாலையில் மறுபடி ஏறுவது உயிரைப் பணயம் வைப்பது.

*

காலம் மாறியது. பாயிண்ட் போய் மின்னணுப் பெட்டி வந்தது. 2020 ஏப்ரல் முதல் புதிய புகை விதிகள் நடப்புக்கு வந்தபோது, புது வண்டிகளிலிருந்து கார்புரேட்டரும் அநேகமாக விடைபெற்றது. கணிப்பொறி ஒன்று காற்றையும் சூட்டையும் அளந்து பெட்ரோலைப் பீச்சுகிறது. விக்கலின் சரித்திரம் முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள்.

முடியவில்லை. எஞ்சின் சுழல்வதைக் கவனித்துக் கணிப்பொறிக்குச் சொல்லும் ஒரு சென்சார் இருக்கிறது. அது பழுதானால் எப்படி நடந்துகொள்ளும் தெரியுமா? பல சமயம், சூடேறினால் மௌனமாகிவிடும், ஆறினால் பேசும். பழைய கண்டன்சரின் அதே புத்தி! காற்று வாயிலில் கரி படிந்தால் அதே 'ஸ்லோ நிற்கவில்லை.' பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. நெடுநாள் ஓடாமல் நின்ற டாங்கில் தண்ணீர்த் தொல்லை வேறு வழியில் திரும்பி வருகிறது.

கணிப்பொறி தன் நோயைத் தானே குறித்து வைக்கும் என்பது உண்மை. கருவியைச் செருகினால் எண்ணாகக் காட்டும். ஆயினும் கண நேரம் தோன்றி மறையும் கோளாறுகள் பல அந்தக் குறிப்பேட்டில் பதிவாவதில்லை. அப்போது பட்டறைக்காரர், "கம்ப்யூட்டரில் ஒன்றும் காட்டவில்லை" என்கிறார். திண்ணை வைத்தியரின் சிரிப்புக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? அந்த இடத்தில் மறுபடி கைகொடுப்பவை பழைய இரண்டு கேள்விகளே: எப்படி நின்றது? எப்போது நின்றது?

மேபாக்கின் பெயரும் கெட்டரிங்கின் பெயரும் புத்தகங்களில் நிலைத்துவிட்டன. கேட்டுக் கேட்டு நோயறிந்த சின்ன ஊர் மெக்கானிக்குகளின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய வித்தையில் பாதி வண்டிக்காரருடைய சாட்சியத்தில் இருந்தது. அந்தப் பாதியை நாம்தான் கொடுக்க முடியும். ஆகையால் வண்டி இனி எப்போதாவது நின்றுவிட்டால், ஆத்திரத்தில் உடனே உதைக்காதீர்கள். ஓரமாக உருட்டி நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் யோசியுங்கள்: மங்கி நின்றதா, சட்டென்று நின்றதா? எஞ்சின் எவ்வளவு சூடு? மழையா, பள்ளமா, திருப்பமா? டாங்கில் பெட்ரோல் எவ்வளவு? மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று சத்தம் வருகிறதா? இவற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துப் பட்டறைக்காரரிடம் கொடுங்கள். அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.