போஸ்டிங் விதிகளுக்குப் பின்னால் ஒரு சாதி வரலாறு

காலையில் சரவணம்பட்டி சத்தி ரோட்டோரம் நின்று பாருங்கள். ஐ.டி. கம்பெனி பஸ்களுக்கு நடுவே, கொண்டை போட்டு, வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்து வைத்தபடி நர்சிங் மாணவிகள் காத்திருப்பார்கள். வார்டு போஸ்டிங்குக்குப் போகிறவர்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும், நகை கூடாது, மேற்பார்வை இல்லாமல் ஊசி போடக் கூடாது, நோயாளியின் விவரத்தை வெளியே பேசக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு விதிப்பட்டியல் உண்டு.

இந்த விதிகள் நோயாளியின் உயிரையும் மானத்தையும் காப்பவை. இவற்றில் சமரசம் கிடையாது. ஆனால் "எது நடந்தாலும் வாய் திறக்காதே" என்று, எழுதப்படாத விதி ஒன்றும் கூடவே வருகிறது. அது எங்கிருந்து வந்தது?

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. மாணவிகள் வார்டில் வேலை செய்துகொண்டே படித்தார்கள். நேரம் தவறாமை, அமைதி, நம்பகம், சுத்தம் என்று அவர்களுடைய நடத்தைக்கு மாதந்தோறும் குறிப்பு எழுதப்பட்டது. மதிப்பில்லாத வேலையாகக் கருதப்பட்ட ஒன்றுக்கு மரியாதை தேடித்தர, பெண்கள் கொடுத்த விலை அந்தக் கட்டுப்பாடு.

1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. இங்கே பிரச்சினை மதிப்பு மட்டுமல்ல, தீட்டு. ரத்தம், சீழ், மலம், பிணம் ஆகியவற்றைத் தொடுவது யாருடைய வேலை என்பதைச் சாதி முன்பே தீர்மானித்து வைத்திருந்தது. அதனால் சாதி இந்துக் குடும்பங்கள் தங்கள் பெண்களை அனுப்பத் தயங்கின. ஆங்கிலோ-இந்தியப் பெண்களும் இந்தியக் கிறிஸ்தவப் பெண்களும் வந்தார்கள். அந்தக் கிறிஸ்தவர்களில் பலர், தீண்டாமையிலிருந்து விடுதலை தேடி மதம் மாறிய குடும்பங்களின் பிள்ளைகள்.

செவிலியர் வரலாறு என்றால் நைட்டிங்கேலோடு நிறுத்திவிடுகிறார்கள். 1897இல் புனேயைப் பிளேக் தாக்கியபோது, நோய் கண்ட தலித் சிறுவனைத் தூக்கிக்கொண்டு சிகிச்சைக்கு ஓடினார் சாவித்திரிபாய் பூலே. அதில் நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். யாரும் தொடத் தயங்கிய உடலைத் தொட்ட அவரும் நம் முன்னோடிதான்.

சென்னை மாகாணத்தில் 1926இல் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்தது. ஆனாலும் 1946இல் போர் குழு அறிக்கை தந்தபோது, நாடு முழுவதற்கும் இருந்த செவிலியர்கள் ஏறக்குறைய 7,000 பேர்தான். அவர்கள் வாழும் நிலையும் வேலை செய்யும் நிலையும் மோசம் என்று அக்குழு சொன்னது. 1947இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. மெல்ல மெல்லத் தொழிலுக்கு மதிப்பு கூடியது. கூடக்கூட, "அசுத்தமான" வேலை கீழே தள்ளப்பட்டது: ஆயாவுக்கு, பிறகு தூய்மைப் பணியாளருக்கு. கொங்கு மண்டலத்தில் அந்தக் கடைசிப் படியில் நிற்பவர்கள் பெரும்பாலும் அருந்ததியர்.

இன்று நிலை மாறுகிறது. 2009இல் வந்த 3 சதவீத உள் இட ஒதுக்கீடும், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் அந்தப் பிள்ளைகளைக் கல்லூரிக்குக் கொண்டுவந்திருக்கின்றன. வார்டில் பிரஷர் பார்க்கும் மாணவிக்கு, அதே வார்டைத் துடைப்பவர் சித்தியாக இருக்கலாம். "அம்மணி எந்த ஊரு? ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?" என்று கட்டிலோரம் இருந்து கேள்வி வரலாம். கிளினிக்கல் வருகை 100 சதவீதம் இருந்தால்தான் பட்டம். லாக் புக்கில் கையெழுத்து வேறொருவர் கையில். எழுதப்படாத விதிக்குப் பலம் இங்கிருந்துதான் வருகிறது.

எனவே எழுதப்பட்ட விதிகளை முழுதாகப் படியுங்கள் தோழர்களே. சாதி பார்க்காமல் பராமரிக்க வேண்டும் என்று நர்சிங் கவுன்சிலின் அறநெறி விதி வெளிப்படையாகச் சொல்கிறது. நம்மை இழிவாகப் பார்க்கும் நோயாளிக்கும் அதே கவனிப்பு. அது நம் கடமை. சிகிச்சையில் நாம் பழிவாங்குவதில்லை.

கடமைக்கு மறுபக்கம் உண்டு. மருத்துவக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது மருத்துவமனையின் பொறுப்பு என்கின்றன 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள். அது மாணவியையும் காக்கும், சித்தியையும் காக்கும். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டப் பிரிவு 17உம், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வார்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை.

போஸ்டிங்கின் முதல் நாளே தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். ஊசி குத்தினால் மறைக்காமல் உடனே சொல்லி, பதிவு செய்யுங்கள். சாதி சொல்லிப் பேசினால் தேதி, நேரம், சாட்சியோடு எழுதி வையுங்கள். தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போய்ப் புகார் கொடுங்கள். வார்டைத் துடைக்கும் அக்காவைப் பெயர் கேட்டு, அக்கா என்றே கூப்பிடுங்கள்.

தொட்டால் தீட்டு என்று சொன்ன சமூகத்தில், தொட்டுக் குணப்படுத்தும் தொழில் நம்முடையது. அதைத் தலைநிமிர்ந்து செய்வோம்.

ஜெய் பீம்!