விண்ணப்பிக்காதவர் போட்ட வழக்கு

1950 ஜூன் 7. அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்து மாதம்கூட நிறையவில்லை. மருத்துவக் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பங்கிடும் அரசாணை தன் அடிப்படை உரிமையைப் பறிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார் செண்பகம் துரைராஜன். 1934-லேயே பி.ஏ. முடித்தவர்.

நீதிக்கட்சிக் காலத்தில் வேர்விட்ட ஆணை அது. கடைசி வடிவத்தில், பதினான்கு இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6. பிற்படுத்தப்பட்ட இந்துக்கள், பிராமணர், ஹரிஜனங்களுக்குத் தலா 2. ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறித்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1.

ஜூலை 27-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு ஆணையைச் செல்லாதென்றது. அரசு மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் அதே முடிவுக்கு வந்தார்கள். வேலைவாய்ப்பில் பிற்பட்டோருக்கு இடம் ஒதுக்க 16(4) இருக்கிறது. கல்வி பற்றிய 29(2)-ல் அப்படியொரு விலக்கு இல்லையே என்று கேட்டது நீதிமன்றம். நலிந்தோரின் கல்வி நலனைப் பேசும் 46-ஆவது பிரிவை அரசு காட்டியது. வழிகாட்டு நெறி அடிப்படை உரிமைக்குக் கீழ்தான் என்று பதில் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், செண்பகம் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டதாகத் தெரியவில்லை. விசாரித்ததில், பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று அறிந்ததாகப் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியிருந்தார். அவ்வளவுதான். அரசுத் தரப்பு இதைக் கிளப்பவே இல்லை. மனு வென்றால் அவருக்கு ஓர் இடம் ஒதுக்கவும் சம்மதித்திருந்தது! விண்ணப்பிக்காதவர் இப்படி வழக்குக்கு வருவதை ஏற்றதாகக் கொள்ள வேண்டாம் என்று நீதிபதிகளே தீர்ப்பில் எழுதி வைத்தார்கள். இந்த ஓட்டையை விட்டுக்கொடுத்தது அரசின் அசட்டை என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் ஆணை தப்பியிருக்காது. பொறியியல் கல்லூரிக்கு முறைப்படி விண்ணப்பித்த சீனிவாசனின் வழக்கும் உடன் இருந்தது.

உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோதே பெரியார் போராட்டத்தில் இறங்கியிருந்தார். உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் டெல்லியும் அசைந்தது. சென்னையில் நடந்தவற்றை நாடாளுமன்றத்திலேயே குறிப்பிட்டார் நேரு. சட்ட அமைச்சர் அம்பேத்கரும் திருத்தத்துக்காக வாதாடினார். ஜூன் 18-ல் முதல் திருத்தம் சட்டமானது. சமூகரீதியாகவும் கல்வியிலும் பின்தங்கியோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிறந்தது. எத்தனை விழுக்காடு என்று அது சொல்லவில்லை. அந்தக் கேள்வி மைசூரிலிருந்து 1962-ல் உச்ச நீதிமன்றம் வந்தது. அடுத்த வாரம் அந்த பாலாஜி வழக்கு.