கேட்டவர்களும் வாசகர்களே

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கோடம்பாக்கத்தில் பேசுகிறோம், கோடம்பாக்கத்துக்குப் பழக்கமான ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். 'டிஸ்கஷன்.' இந்தப் பகுதியின் லாட்ஜ் அறைகளிலும் வாடகை வீடுகளிலும் இந்த நேரத்தில்கூட எங்காவது ஒரு கதை விவாதம் நடந்துகொண்டிருக்கும். இயக்குநர் கதை சொல்வார். உதவி இயக்குநர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். யார் பேசலாம், யார் டீ வாங்கிவர வேண்டும், யார் சொன்ன யோசனை யார் பெயரில் போகும் என்பதற்கெல்லாம் அந்த அறைக்குள் எழுதப்படாத சட்டம் உண்டு. ஊர்ச்சேரிகளிலிருந்து வந்த நம் பிள்ளைகள் அப்படிப்பட்ட அறைகளில் ஆண்டுக்கணக்காக வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். சேரியைப் பற்றிய காட்சி எழுதப்படும்போதும் வாய் திறக்கவில்லை. பேசினால் 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் சாதி தெரிந்துவிடும்.

ஒரு புத்தகத்தை நடுவில் வைத்துப் பலர் சுற்றி உட்காரும் அறையும் ஒரு டிஸ்கஷன்தான். அதை வாசகர் வட்டம் என்கிறோம். பொது நூலகங்களில் நடக்கிறது. தனி அமைப்புகள் நடத்தும் நூலகங்களிலும் நடக்கிறது. அந்த அறையில் யார் உட்காரலாம், யார் பேசலாம் என்பதுதான் இன்று என் பேச்சு. இதைப் பண்டிதர் நினைவு நாளில் பேசக் காரணம் இருக்கிறது. நம் சமூகத்தில் புத்தகத்தைச் சுற்றிக் கூடும் வழக்கம், அரசு நூலகத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத இராயப்பேட்டையிலும் அது நடந்தது.

ஒரு பைசாவும் பல காதுகளும்

1886-இல் அடையாற்றில் பிரம்மஞான சபையார் ஒரு நூலகத்தைத் தொடங்கினார்கள். 1896-இல் எழும்பூரில் கன்னிமாரா நூலகம் திறக்கப்பட்டது. சென்னை நூலக வரலாற்றை இந்த இரண்டு கட்டடங்களிலிருந்து தொடங்குவது வழக்கம். அதே பத்தாண்டுகளில் நடந்த வேறு சில செயல்களையும் சேர்த்து எழுத வேண்டும். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். 1894-இல் அடையாறு ஊரூரில் ஆல்காட் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளியைத் திறந்தார். 1898-இல் அயோத்திதாசர் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றுத் திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907 ஜூன் 19-ஆம் நாள் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழை அங்கிருந்தே வெளியிட்டார். ஓராண்டில் அது 'தமிழன்' ஆயிற்று.

1911 கணக்கெடுப்பின்போது சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. நம் மக்களில் அதைவிட மிகக் குறைவு. அப்படியானால் அந்த வார இதழை யார் வாசித்தது? கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளிகளும், ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போன கூலிகளும் அதன் வாசகர்கள் என்கிறோமே, எப்படி?

விடை எளிது. அந்தக் காலத்தில் பத்திரிகை என்றால் ஒருவர் உரக்கப் படிப்பதும் பலர் சுற்றியிருந்து கேட்பதும்தான். கதைப்பாடலும் பாரதமும் அப்படித்தான் ஊரில் வாசிக்கப்பட்டன. பத்திரிகையும் அதே திண்ணையில் வந்து உட்கார்ந்தது. விற்ற பிரதிகளை எண்ணினால் வாசகர் தொகை கிடைக்காது. கேட்ட காதுகளையும் சேர்த்து எண்ண வேண்டும்.

கேட்டவர்கள் சும்மா கேட்டுவிட்டுப் போகவும் இல்லை. 'தமிழன்' இதழ்களைப் புரட்டினால் வாசகர் வினாக்களும் பண்டிதரின் விடைகளும் தொடர்ந்து வருவதைப் பார்க்கலாம். இந்தப் பண்டிகை எப்படி வந்தது, இந்தச் சொல்லுக்குப் பொருள் என்ன, நம்மை இழிவாகச் சொல்லும் இந்தக் கதைக்கு ஆதாரம் எங்கே என்றெல்லாம் கேட்கிறார்கள். கிளைச் சங்கங்கள் தங்கள் கூட்டச் செய்திகளை எழுதி அனுப்புகின்றன. படித்துக் காட்டுவது, கேட்பது, கேள்வி எழுப்புவது, அந்தக் கேள்வி அச்சேறி வருவது, அதை மறுபடியும் படித்துக் காட்டுவது என்று ஒரு சுற்று. வாசகர் வட்டம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான பொருளை நான் அறியேன்.

தமிழில் 'கேள்' என்ற ஒரே வினைக்கு இரண்டு வேலை. காதால் கேட்பதும் அதுதான்; வினா எழுப்புவதும் அதுதான். திருக்குறளில் கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி அதிகாரம் வருகிறது. எழுத்து மறுக்கப்பட்டவருக்கும் அறிவுக்குள் நுழைய ஒரு வாசல் உண்டு என்று அந்த வைப்புமுறையே சொல்வதாக எனக்குப் படும். குறளைப் பௌத்த நூலாகவே படித்து, அதற்குத் 'தமிழ'னில் தொடராக உரை எழுதியவர் பண்டிதர். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். தம்மிடமிருந்த குறள் ஏட்டை எல்லிஸ் துரையிடம் சேர்த்து அது அச்சாவதற்கு வழிசெய்தவர் அவரே என்று பண்டிதர் பதிவு செய்திருக்கிறார். சமையற்கட்டில் வேலை செய்தவர் வீட்டில் ஏடு இருந்தது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் வந்தது, புத்தகம் வந்ததா?

1914 மே 5-ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. எஸ்.ஆர்.ரங்கநாதனின் நெடுநாள் உழைப்பு அதன் பின்னால் இருந்தது. 1950-இல் அது நடைமுறைக்கு வந்தது. பிறகு ஊர்தோறும் கிளை நூலகங்கள் எழுந்தன. இன்று நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. குடிசையிலும் ஒண்டுக்குடித்தனத்திலும் இருப்பவர் வாடகை வழியாக அதைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே நூலகம் யாரும் நமக்குப் போட்ட தர்மம் இல்லை. நம் காசில் நடக்கும் நம் இடம்.

அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். என் தலைமுறையில் பலருக்கு வீட்டில் மேசை இல்லை, விளக்கு இல்லை. கிளை நூலகத்தின் பெஞ்சுதான் படிப்பறை. ஆனால் அந்த அலமாரிகளில் என்ன இருந்தது? பண்டிதரின் சிறுநூல்கள் சிலவற்றைக் கோலார் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை விடாமல் அச்சிட்டுக் காத்தது. அரசோ பல்கலைக்கழகமோ அதைச் செய்யவில்லை. சுரங்கத் தொழிலாளர் மத்தியில் இயங்கிய ஒரு சின்னப் பதிப்பகம் செய்தது. பெருந்தொகுப்பாக அவருடைய எழுத்து ஞான.அலாய்சியஸின் உழைப்பால் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது 1999-இல். மறைந்து 85 ஆண்டுகள் கழித்து. சட்டம் வந்து அரை நூற்றாண்டு கழித்து. இராயப்பேட்டையில் கூட்டி வாசித்தவரை, அதே நகரத்தில் நூலகத்துக்குப் போன நம் பிள்ளைகள் தேடி எடுக்க முடியாமலே இரண்டு தலைமுறை கழிந்தது.

அலமாரியில் இல்லாத புத்தகம் வட்டத்தில் பேசப்படாது. பேசப்படாத புத்தகத்தை யாரும் வாங்கக் கேட்கமாட்டார்கள். கேட்காத புத்தகம் அலமாரிக்கு வராது. இதுவும் ஒரு வட்டம்தான்.

'இலக்கியம் பேசுவோம்'

பல ஆண்டுகளுக்கு முன் நகரத்துக் கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். இருபது பேர் இருந்தோம். அன்றைக்கு ஒரு கிராமத்து நாவல். பேசியவர்கள் எல்லாரும் அதன் மொழியழகையும் மண் மணத்தையும் புகழ்ந்தார்கள். பின்வரிசையில் ஒரு கல்லூரி மாணவர் எழுந்து, "இந்தக் கதையில் வயலில் வேலை செய்கிறவருக்கு ஏன் கடைசிவரை பெயரே இல்லை?" என்று கேட்டார். தலைமை வகித்தவர் கோபப்படவில்லை, சிரித்தார். "தம்பி, அரசியலை வெளியே வைத்துவிட்டு இலக்கியம் பேசுவோமே" என்றார். அந்த மாணவரை அடுத்த மாதம் நான் அங்கே பார்க்கவில்லை. அந்தக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த நானும் அதில் பங்காளிதான். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

அன்று அங்கே எல்லாரும் புத்தகத்தைப் படித்திருந்தார்கள். வாசித்தது அந்த மாணவர் ஒருவர்தான்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்குக் கதவே மூடியிருந்தது. 1961 மார்ச் 27 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில், டூகலூ கல்லூரி மாணவர்கள் ஒன்பது பேர் முதலில் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய நூலகத்துக்குப் போய், அங்கே கிடைக்காது என்று தெரிந்த புத்தகங்களைக் கேட்டார்கள். இல்லை என்று பதில் வந்ததும் வெள்ளையர் மட்டும் பயன்படுத்திய பொது நூலகத்துக்குள் நடந்து போய், உட்கார்ந்து, அமைதியாகப் படித்தார்கள். போலீஸ் வந்து கைது செய்தது. மேசையில் உட்கார்ந்து புத்தகம் விரித்தது குற்றம்! நமக்கு இங்கே கதவு திறந்திருக்கிறது, நாற்காலியும் உண்டு. வாயைத் திறக்கும்போதுதான் தடை தெரிகிறது. சட்டத்தால் நீக்க முடியாத தடை இது. கூடிப் பேசிப் பழகித்தான் நீக்க வேண்டும்.

ஊரே கூடிப் படித்த புத்தகம்

1991 அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தமிழில் தலித் எழுத்து பொங்கி வந்தது. 1992-இல் பாமாவின் 'கருக்கு' வெளிவந்தது. புத்தகம் வந்த புதிதில் தம் ஊர்க்காரர்களே கோபப்பட்டதையும், படித்த இளைஞர்கள் எடுத்துச் சொன்ன பிறகு அவர்கள் ஏற்றுக்கொண்டதையும் பாமா நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். இந்தச் செய்தியை நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அந்த மக்களுக்கு உரிமை இருந்தது. கோபப்படவும் உரிமை இருந்தது. கோபத்துக்கும் ஏற்புக்கும் நடுவில் நிகழ்ந்ததுதான் புத்தக விவாதம். அதற்கு அரங்கம் இல்லை, தலைவர் இல்லை, பொன்னாடை இல்லை. ஆனால் அந்தப் புத்தகம் குறித்து நடந்த எந்தக் கருத்தரங்கைவிடவும் அதில் பணயம் அதிகம். ஒரு பெண் தன் ஊருக்குத் திரும்பிப் போக முடியுமா என்பதே அங்கே தீர்மானமாக வேண்டியிருந்தது.

நகரத்தில் நமக்கு அரங்கம் தந்ததும் நூலகம்தான். அண்ணா சாலையில் தேவநேயப் பாவாணர் நூலகக் கட்டடம், எல்.எல்.ஏ. பில்டிங் என்றால்தான் பலருக்குத் தெரியும். சிறு பத்திரிகைகளும் தலித் அமைப்புகளும் அங்கே எத்தனையோ வெளியீட்டு விழாக்களையும் விமர்சனக் கூட்டங்களையும் நடத்தியிருக்கின்றன. கூட்டம் முடிந்து வாசலில் டீக்கடையில் நின்று போட்ட சண்டைகளையும் சேர்த்தால் அது ஒரு தனி வரலாறு.

இனி கோடம்பாக்கத்துக்குத் திரும்புவோம். 2016-இல் வந்த 'கபாலி'யில் ரஜினிகாந்த் சிறைக்குள் ஒரு புத்தகம் படித்துக்கொண்டிருப்பார். ஒய்.பி.சத்யநாராயணா தம் தலித் குடும்பத்தின் கதையை எழுதிய 'மை ஃபாதர் பாலையா' அது. இந்த ஊரின் திரையில் நாயகன் கையில் என்னவெல்லாமோ பார்த்திருக்கிறோம். நம் வரலாறு அச்சான புத்தகத்தைப் பார்த்தது புதிது. 2018-இல் பா.ரஞ்சித்தின் முன்முயற்சியில், இதே ஆற்காடு சாலையில் மேற்கே போனால் வரும் வளசரவாக்கத்தில், உதவி இயக்குநர்களுக்காகக் 'கூகை திரைப்பட இயக்கம்' ஒரு நூலகத்தைத் தொடங்கியது. சோ.தர்மனின் நாவலுக்கும் 'கூகை' என்றுதான் பெயர். பகலில் காகங்கள் கொத்தி விரட்டும், பார்த்தாலே அபசகுனம் என்று ஊர் ஒதுக்கும் பறவையின் பெயரை ஒரு வாசிப்பறைக்கு வைத்ததில் பொருள் இருக்கிறது. லாட்ஜ் அறையில் டீ வாங்கப் போன பிள்ளைக்கு, உட்கார்ந்து படிக்கவும், படித்ததைப் பற்றிப் பேசவும் ஓர் அறை கிடைத்தது. சினிமாவில் யார் கதை சொல்லப்படும் என்பது கேமராவுக்கு முன்னால் தீர்மானமாவதில்லை. அது டிஸ்கஷனில் தீர்மானமாகிறது.

நாம் செய்ய வேண்டியது

தனி அமைப்புகளின் நூலகங்கள் வேண்டும். அதற்காகப் பொது நூலகத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. பல இடங்களில் அது ஒரு பெயர்ப்பலகை. உள்ளே போங்கள். போய் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பண்டிதர் காலத்திலிருந்தே எடுத்துச் சொல்கிறேன்.

முதலாவது, 'புத்தகத்தைப் படித்துவிட்டு வாருங்கள்' என்று நிபந்தனை போடாதீர்கள். காலையில் நான்கு வீட்டு வேலை முடித்து வரும் அம்மாவுக்கும், இரவுப்பணி முடித்து வரும் தூய்மைப் பணியாளருக்கும் முந்நூறு பக்கம் படிக்க நேரம் ஏது? கூட்டத்தின் முதல் அரைமணி நேரம் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். கேட்டவர் அனைவரும் வாசகர்.

இரண்டாவது, முதல் கேள்வியைக் கடைசி வரிசைக்குக் கொடுங்கள். சிறப்பு விருந்தினர் பேசி முடித்து நேரமிருந்தால் கேள்வி என்பது மேடையின் வழக்கம். வட்டத்துக்கு மேடை கிடையாது.

மூன்றாவது, கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். 'தமிழன்' அச்சிட்ட வினாக்கள் இருப்பதால்தான் நூறாண்டு கழித்தும் அந்தச் சுரங்கத் தொழிலாளிகளின் மனம் நமக்குத் தெரிகிறது. உங்கள் வட்டத்தின் நோட்டு இன்னொரு நூறாண்டுக்குப் பிறகு ஒரு மாணவருக்குத் தேவைப்படும்.

நான்காவது, இல்லாத புத்தகத்தைக் கேளுங்கள். நூலகரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒருவராகக் கேட்காமல் வட்டமாகக் கேளுங்கள். பெரும்பாலான நூலகர்கள் நம் பக்கம்தான். கேட்க ஆள் வந்தால் அவர்களுக்கும் கை கூடும்.

கடைசியாக ஒன்று. நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட நம் குடும்பங்கள் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கின்றன. வீட்டோடு பள்ளியும் வேலையும் போனதைப் பேசுகிறோம். அவர்கள் நடந்து போய்வந்த நூலகமும் போனதைப் பேசுவதில்லை. கோடம்பாக்கத்து வட்டம் ஒரு மாதம் இங்கே கூடினால் மறுமாதம் அங்கே கூடட்டும். அதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு புத்தகமும், உரக்கப் படிக்க ஒருவரும், சுற்றி உட்காரத் தரையும் போதும். இராயப்பேட்டையில் தொடங்கியவர்களிடம் இதைவிட அதிகமாக எதுவும் இருக்கவில்லை.

கேளுங்கள் தோழர்களே. இரண்டு பொருளிலும்.

ஜெய் பீம்.