நாற்பத்தெண்மர் பாடிய திருப்பதியமும் நம் இல்லப் பயிற்சியும்

குடமுழுக்கு நாளில் வேள்விச்சாலையின் ஒருபால் வேத முழக்கமும் மற்றொருபால் திருமுறை முழக்கமும் எழுதலைக் கேட்டு உருகாத அன்பர் இரார். அம்முழக்கத்தில் தம் குரலையும் சேர்க்க வேண்டும் என்னும் ஆசையால் கூட்டு வழிபாட்டுக் குழுக்களில் சேர்வோர் ஊர்தோறும் உளர். ஆசை நன்றே. ஆயினும், மண்டபத்திற் கூடிப் பாடும் ஒரு நாழிகை, இல்லத்தில் தனித்திருந்து பாடிய பல நாழிகைகளின் விளைவு என்பதை நம்முட் பலர் எண்ணுவதில்லை. நம் முன்னோர் எண்ணினர். அதற்குக் கல்லே சான்று.

கோயில்களில் திருப்பதியம் பாடுவார்க்கு நெல் வகுத்த செய்தி, 9ஆம் நூற்றாண்டிலேயே திருவல்லத்துப் பல்லவர் காலக் கல்வெட்டில் காணப்படுகிறது. ஆயினும் இப்பணியின் முழு உருவையும் நாம் காண்பது தஞ்சைப் பெரியகோயிலில்தான். முதலாம் இராசராச சோழன் தன் 29ஆம் ஆட்சியாண்டு வரையில், அதாவது ஏறத்தாழக் கி.பி. 1014 வரையில், அங்கே திருப்பதியம் விண்ணப்பம் செய்ய நியமித்தவர் நாற்பத்தெண்மர். உடுக்கை வாசிப்பான் ஒருவன், கொட்டி மத்தளம் வாசிப்பான் ஒருவன் எனக் கூட ஐம்பதின்மர். ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்து தரப்பட்டது. பெயர்களையும் ஒன்றுவிடாமல் கல்லிற் பொறித்தனர். அவற்றுட் பல சிவன் என்று முடியும் தீட்சைப் பெயர்கள்.

நெல்லின் அளவைக் காட்டிலும் நம் கருத்தைக் கவர்வது அக்கல்வெட்டிலுள்ள ஒரு விதி. பாடுவாருள் ஒருவர் இறந்தாலும் ஊர் விட்டுச் சென்றாலும், அவருக்கு அணுக்கமான உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அவர் தாமே தகுதியற்றவராயின், தகுதியுடைய பிறர் ஒருவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும். உறவினரே இல்லையெனில், எஞ்சிய குழுவினர் கூடித் தகுதியுடையார் ஒருவரைத் தெரிந்தெடுக்க வேண்டும். பேரரசன் தந்த உரிமையாயினும், பிறப்பால் மட்டும் ஒருவர் அக்குழுவில் நின்று வாய் திறக்க இயலாது என்பது இதன் பொருள். தந்தை மறைந்தபின் மைந்தன் மற்றை நாற்பத்தெழுவரோடு நின்று சுருதி பிசகாது பாட வேண்டுமாயின், தந்தை உயிரோடிருந்த நாளிலேயே அவன் அவரோடு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பாடியிருத்தல் வேண்டுமன்றோ? கல்வெட்டு இதனைச் சொல்லவில்லை, சொல்லாமலே விளங்கும்.

திருவாமாத்தூரில் இன்னும் நெஞ்சை நெகிழ்விக்கும் செய்தி ஒன்று உண்டு. பார்வையற்றோர் பதினாறு பேர் திருப்பதியம் பாடவும், அவர்களுக்கு வழிகாட்ட இருவர் உடனிருக்கவும் அங்கே சோழர் காலத்தில் ஏற்பாடு செய்தனர். ஏடு பார்த்துப் பாட இயலாத அப்பதினாறு பெருமக்களும் பதிகங்களை நெஞ்சில் எழுதிக்கொண்டே சந்நிதிக்கு வந்திருப்பர். கண்ணாடி அணிந்தும் நூலை விட்டுத் தலை நிமிராத நாம் அவர்களை நினைந்து நாணலாம்.

யான் நேரிற் கண்ட ஒன்றையும் கூற வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓரூர்க் குடமுழுக்கில் முப்பதின்மர்க்கு மேற்பட்டோர் கூடிப் பதிகம் பாடினர். மூன்றாம் பாட்டில் முன்னின்று பாடிய முதியவர்க்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவர் நிறுத்தினார், முப்பதின்மரும் நிறுத்தினர். அதுகாறும் அனைவரும் அவர் குரலைப் பின்பற்றி முணுமுணுத்திருந்தனரேயன்றிப் பாடினாரல்லர் என்பது அப்போதுதான் தெரிந்தது. அம்முணுமுணுத்தாருள் யானும் ஒருவன்.

அதன்பின் ஓதுவார் ஒருவரை அடுத்து யான் கற்ற முறை எளியது. முதலில் பாடலைச் சீர் பிரித்து, இசையின்றிப் பொருளுணர்ந்து படித்தல். அடுத்து, தாளமின்றிச் சுத்தாங்கமாக நீட்டிப் பாடி, மூச்சு எங்கே நிற்கும் எங்கே முறியும் என்று காணல். அதன்பின்னரே கையால் தாளமிட்டுப் பண்ணாங்கமாகப் பாடல். நாளொன்றுக்கு ஒரு பாட்டுக்கு மேல் வேண்டா என்பார் அவர். சம்பந்தர் பதிகங்களை நினைவிற் கொள்ள அவற்றின் அமைப்பே துணை செய்யும்: பெரும்பாலும் எட்டாம் பாட்டில் இராவணன் வருவான், ஒன்பதில் மாலும் அயனும் தேடுவர், இறுதியில் பிள்ளையார் தம் பெயரைச் சொல்லி முடிப்பார். வரிசை தவறினால் நெஞ்சே இடித்துரைக்கும்.

பொழுதையும் பண்களே வகுத்துத் தருகின்றன. நட்டபாடை பகற்பண், இன்று கம்பீர நாட்டையில் பாடுகிறோம். முதல் திருமுறையின் முதல் இருபத்திரண்டு பதிகங்களும் இப்பண்ணே ஆதலின், காலையில் இதனைப் பிடித்தவர்க்கு நெடுநாள் வேறு தேட வேண்டுவதில்லை. மேகராகக்குறிஞ்சி இரவுப்பண், நீலாம்பரியாய் ஒலிப்பது. தொட்டிலாட்டிய தாய்மார்க்கு அதன் சாயல் புதிதன்று! விளக்கேற்றியபின் அதனைப் பாடலாம்.

சுருதியைப் பற்றி ஒரு சொல். ஆடவர் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் மகளிர் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுதல் இயல்பு. குழுவிலோ இருபாலார்க்கும் இடைப்பட்ட சுருதி ஒன்றே அமையும். தத்தமக்கு உகந்த சுருதியிலேயே வீட்டிற் பழகி வருவோர் மண்டபத்தில் தடுமாறுதற்குக் காரணம் இது. குழுவின் சுருதியை அறிந்து, வாரத்தில் இருநாளேனும் அதிலேயே பாடிப் பார்த்தல் வேண்டும். சுருதிப் பெட்டி இல்லையே என்று வருந்த வேண்டா. கைப்பேசியே சுருதி கூட்டும் காலம் இது.

குடமுழுக்கிற்குப்பின் மண்டல பூசை 48 நாள் நிகழும். தஞ்சையில் நின்று பாடியவரும் நாற்பத்தெண்மரே. இவ்வெண் ஒற்றுமை தற்செயலே ஆயினும் இனியது. அந்நாள்களில் நம் குழுவினர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்தில் மாலை விளக்கின்முன் ஒரே பதிகத்தை நாள்தோறும் பாடி, நிறைவு நாளன்று சந்நிதியில் ஏடின்றிப் பாடுமாறு வேண்டிக்கொள்கிறேன். அன்று முன்னின்று பாடுவார் எவரும் இரார். முதல் அடியை எடுத்துக் கொடுப்பவர் அவ்வப்பாட்டுக்கு வேறு வேறு ஒருவராக இருப்பர். தம் முறை எப்பாட்டில் வரும் என்பது அங்கே சென்றபின்னரே தெரியும்.