தேரிக்காட்டு மணலும் நம் கிணற்றுத் தண்ணீரும்



பங்குனி உத்திரம் வந்துவிட்டால் நம் நாரணாபுரம், சிவகாசி வட்டாரத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வேன் பிடித்துத் தெற்கே புறப்படுவது உங்களுக்குத் தெரியும். குலதெய்வம் தேரியிலே இருக்கிறது. பொங்கல் வைக்கணும், பிள்ளைக்கு முடி இறக்கணும். போகிறோம், கும்பிடுகிறோம், திரும்பி வருகிறோம். காலைச் சுடுகிற அந்தச் செம்மணலைப் பார்த்து, "நாலு சென்ட் கரிசல் இதைவிட மேலய்யா, இது எதுக்கு ஆகும்?" என்று கேட்காத சம்சாரி கிடையாது. நானும் அப்படிக் கேட்டவன்தான். அந்த மணல் எதற்கு ஆகும், ஓடித் திரிந்த மணலை எது பிடித்து நிறுத்தியது என்கிற பழைய கதையை இன்றைக்குச் சொல்கிறேன். கதை தேரியைப் பற்றியது என்றாலும் முடிவு நம் கிணற்றடியில்தான் வந்து நிற்கும்.

நாம் போகிற வழியை முதலில் நினைத்துப் பாருங்கள். சாத்தூர், கோவில்பட்டி, எட்டயபுரம் வரைக்கும் நம்ம கரிசல்தான். தூத்துக்குடி தாண்டி ஆத்தூர்ப் பக்கம் போனதும் தாமிரபரணிப் பாசனம். வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் கண்ணுக்குக் குளிர்ச்சி. அப்புறம் திருச்செந்தூர். அங்கிருந்து மேற்கே திரும்பிக் காயாமொழி, தேரிக்குடியிருப்பு என்று போனால் மண் குங்குமம் மாதிரிச் சிவந்துவிடுகிறது. மேடும் பள்ளமுமாகப் பல ஆயிரம் ஏக்கர். அதுதான் குதிரைமொழித் தேரி. இன்றைக்கு அது வனத்துறையின் காப்புக் காடு. திருவிழா இல்லாத நாளில் போய் நின்றால், பனையோலை உரசுகிற சத்தமும் எங்கோ ஒரு மயில் அகவுகிற சத்தமும் தவிர வேறொன்றும் கேட்காது.

மணல் எப்போது வந்தது?

மணலுக்கு இந்தச் சிவப்பு ஏன் வந்தது? ஒவ்வொரு மணலையும் சுற்றி இரும்புத் துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. அமிலத்தில் போட்டுக் கழுவினால் உள்ளே வெள்ளை மணல்தான். துரு அந்த அளவுக்கு ஏற வேண்டுமானால் மணல் வெகுகாலம் அங்கேயே கிடந்திருக்க வேண்டும். மணல் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று கணிக்கிற முறை ஒன்று உண்டு. அதை வைத்துப் பார்த்ததில், தேரி மணல் குவிந்தது சுமார் 11,000 ஆண்டுகளுக்கும் 6,000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் என்று தெரிய வந்திருக்கிறது.

அங்கே மனுஷனும் வெகு காலத்துக்கு முன்பே இருந்திருக்கிறான். ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியல் அறிஞர் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் மண்ணையும் பாறையையும் ஆராய்ந்து 1883-இல் எழுதினார். சாயர்புரம் பக்கத்துத் தேரியில் விரல்நுனி அளவுள்ள கல் ஆயுதங்களை முதலில் கண்டெடுத்தவரும் அவர்தான். பிறகு 1956-இல் சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மெஞ்ஞானபுரம், நாசரேத், காயாமொழி, குட்டம்புளி என்று பல ஊர்த் தேரிகளில் கிடைத்தவற்றைச் சேர்த்து வெளியிட்டார்கள். எல்லாம் அம்பு முனையும் சின்னச் சின்ன வெட்டுக் கற்களும். சுமார் 6,000 வருஷத்துக்கு முந்தியவை என்று மதிப்பிட்டார்கள். நாம் பொங்கல் வைக்கிற மணலில் வேட்டைக்காரன் ஒருவன் உட்கார்ந்து கல்லைச் செதுக்கியிருக்கிறான் என்றால் பாருங்கள்.

நடந்து போன மணல்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பழமொழி. தேரியில் அது மிகையாகத் தோன்றாது. மேற்கு மலையில் மழையை இறக்கிவிட்டு வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிற காற்றுதான் வைகாசியிலிருந்து ஆவணி வரை அங்கே அடிக்கிறது. நம் ஊரில் மழை பெய்யாமல் ஏமாற்றுவதும் அதே மேல்காற்றுதான். அந்த வறட்சியே தீக்குச்சி காய வசதியாகப் போய், 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் ஆரம்பித்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். இங்கே தீக்குச்சியைக் காய வைத்த காற்று, அங்கே மணல்மேட்டையே நடக்க வைத்தது.

எப்படி நடக்கும்? காற்று வருகிற பக்கம் மேடு சரிவாக இருக்கும். மணல் அந்தச் சரிவில் தத்தித் தத்தி ஏறி, உச்சிக்கு வந்ததும் அந்தப் பக்கம் சரிந்து விழும். பின்னாலிருப்பது முன்னால் வந்துகொண்டே இருப்பதால் மேடு முழுசும் மெதுவாக நகரும். எதிரே வயல் இருந்தால் வயல் மூடும். கிணறு இருந்தால் கிணறு தூர்ந்து போகும். ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். தத்துகிற மணல் பெரும்பாலும் முழங்கால், இடுப்பு உயரத்துக்கு மேல் எழும்புவதில்லை. அதனால் அதைத் தடுக்கக் கோட்டைச் சுவர் வேண்டாம். பனையோலை வேலியும் அதன் மறைவில் நாலு செடியும் போதும்.

இதைத்தான் அந்தப் பக்கத்துச் சனங்கள் செய்தார்கள். வேலி போட்டு, அதன் மறைவில் பனங்கொட்டையைப் புதைத்தார்கள். குடை மாதிரிக் கவிழ்ந்து வளருகிற உடை மரத்தை வளர்த்தார்கள். முந்திரி வைத்தார்கள். கடலோரத்து மணலை அடம்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் பிடித்துக்கொண்டன. மெஞ்ஞானபுரத்துக்கு 1830-களின் கடைசியில் வந்த ஜான் தாமஸ் என்ற பாதிரியார், 1870-இல் காலமாகும் வரை அங்கேயே இருந்து, கிணறு வெட்டி மரம் வைத்து, வெறும் செம்மணலாகக் கிடந்த இடத்தை நிழலுள்ள ஊராக்கினார். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக் காடு என்கிற ஏற்பாடு அந்தச் சட்டத்தில் வந்ததுதான். பனை ஏறினவரும், ஓலை முடைந்தவரும், காட்டைக் காத்தவரும் சேர்ந்து தலைமுறை தலைமுறையாகக் கட்டிப் போட்ட மணல் அது. அந்தப் பனையிலிருந்து வந்ததுதான் உடன்குடிக் கருப்பட்டி. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

மணலுக்குள் இருக்கிற தண்ணீர்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். திருச்செந்தூர் போகிறவர்கள் நாழிக்கிணற்றில் குளிக்காமல் திரும்ப மாட்டார்கள். கடலுக்கும் கிணற்றுக்கும் கூப்பிடு தூரம். கடல் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனால், பேரிலேயே சுனை இருக்கிறது. சுற்றிலும் செம்மணல், நடுவில் தண்ணீர். இதெல்லாம் சாமி கொடுத்தது என்று கும்பிடுகிறோம். கும்பிட வேண்டியதுதான். சாமி அதை எந்தப் பானையில் வைத்துக் கொடுத்தார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பானை இந்த மணல்தான்.

நம் கரிசலில் பெருமழை பெய்தால் மேல்மண் வீங்கி, வெடிப்பு மூடி, மிச்சத் தண்ணீர் ஓடைக்கு ஓடிவிடும். தேரியில் செடி மூடியிருக்கிற இடத்தில் மழையில் பெரும்பகுதி உள்ளே இறங்கும். இறங்கின தண்ணீர் மணலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அடிவாரத்துக் கிணறுகளில் ஊறும். மீதி கடலைப் பார்த்துப் போகும். அது வீணில்லை. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு. அது மேலே மிதந்துகொண்டு கடல் தண்ணீரை உள்ளே வரவிடாமல் அமுக்கிப் பிடிக்கிறது. இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்பு ஏறாது. மேலே ஓர் அடி குறைந்தால், கீழே இருந்து 40 அடி உப்பு ஏறி வரும். மோட்டார் போட்டு மிதமிஞ்சி இறைத்ததில் திருச்செந்தூர், உடன்குடிப் பக்கத்தில் பல கிணறுகள் உப்பாகிப் போனது இப்படித்தான். ஒரு தடவை உப்பு ஏறினால், இறங்க எத்தனையோ மழை வேண்டும்.

இந்தத் தேரி மணலில் டைட்டானியம் என்ற உலோகத்துக்கான கனிமம் கலந்திருக்கிறது. 2007-இல் டாடா ஸ்டீல் நிறுவனம் சாத்தான்குளம் வட்டாரத்தில் அதை எடுத்து ஆலை நடத்தத் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்தது. வேலை கிடைக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் நிலமும் தண்ணீரும் போய்விடும் என்று ஊர்கள் எதிர்த்து நின்றன, திட்டம் நடக்கவில்லை. கடற்கரைத் தாது மணல் எடுப்பதை 2013-இல் அரசு நிறுத்தி வைத்தது. மணலுக்கு விலை இருக்கிற வரைக்கும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும். வரும்போது, மணலோடு சேர்ந்து தண்ணீர்ப் பானையும் போகிறதா என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் பக்கத்துக் கதை

"தேரி எங்கேயோ இருக்கு, நமக்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். என் தோட்டத்துக் கதையைச் சொல்கிறேன். தோட்டத்தை ஒட்டி ஓர் ஓடை. அதில் மார்பளவு மணல் கிடந்தது. வீடு கட்டும்போது நானே பத்து வண்டி அள்ளினேன். அக்கம்பக்கத்தாரும் அள்ளினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. நாலு வருஷத்தில் ஓடை வெறும் சுக்காம்பாறையாகிவிட்டது. மழைத் தண்ணீர் வந்த வேகத்தில் போய்விடுகிறது. கோடையிலும் இரண்டு மணி நேரம் இறைத்த கிணறு, மாசியிலேயே சேறு காட்டுகிறது. அய்யனார் கோயில் சுனையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், நான் விற்றதும் கட்டியதும் மணலை மட்டும் இல்லை என்று எனக்கு உறைத்தது. இது யார்மேலும் போடுகிற குற்றம் இல்லை. என்மேல் நானே போட்டுக்கொள்வது.

இனி ஓடை மணலை அள்ளாதீர்கள், அள்ள விடாதீர்கள். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். கொட்டையைப் பொறுக்கி, ஐப்பசி மழைக்கு முன்னால் கண்மாய்க் கரையிலும் ஓடைக் கரையிலும் பத்தடிக்கு ஒன்றாக ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், காவல் வேண்டாம். பலன் தர 15 வருஷம் ஆகலாம்; ஆனால் கரையைப் பிடிக்கிற வேலையை வேர் அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். இருக்கிற பனையைச் செங்கல் சூளைக்குக் கொடுக்காதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சித் தலைவர் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்திருக்கிறார்கள்.

அடுத்த தடவை தேரிக்குப் போகும்போது ஒரு நாள் சேர்த்துப் போங்கள். பிள்ளைகளை மணல்மேட்டில் ஏற்றிக் காட்டுங்கள். காப்புக் காட்டுக்குள்ளே போக வேண்டுமானால் வனத்துறையைக் கேட்டுக்கொண்டு போங்கள். நம் ஊர் வழக்கப்படி வெடிக்கட்டைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போக வேண்டாம். முந்திரிச் சருகில் ஒரு பொறி விழுந்தால், நூறு வருஷத்து உழைப்பு ஒரு மத்தியானத்தில் போய்விடும்.

தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகை மாசக் கடைசியில் கள்ளர் வெட்டு நடக்கும். அன்றைக்கு ஆயிரக்கணக்கான சனங்கள் அந்த மணலில் ஒரு பிடி அள்ளி, மடியில் முடிந்து கொண்டுபோய்த் தங்கள் வயலில் போடுவார்கள். விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. நீங்களும் ஒரு பிடி கொண்டு வாருங்கள். வயலில் போடுகிற அன்றைக்கே ஓடைக் கரைக்குப் போய், பனங்கொட்டை புதைத்த இடத்தில் முளை விட்டிருக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.