கேனரியா, ஃபிஞ்சா? முதன்முறையாகப் பறவை வளர்ப்போர் வாங்கும் முன் அறிய வேண்டியவை

சிறிய உருவம், குறைந்த தீவனச் செலவு, அண்டை வீட்டாருக்குத் தொல்லை தராத குரல் ஆகிய காரணங்களால், முதன்முறையாகப் பறவை வளர்க்க விரும்புவோரில் பலர் கேனரியையோ ஃபிஞ்சையோ நாடுகின்றனர். இரண்டுமே தானியம் உண்ணும் சிறு பறவைகள். கிளியைப் போலக் கையில் ஏறி விளையாடுபவை அல்ல. பார்த்தும் கேட்டும் மகிழ்வதற்கு உரியவை. ஆயினும் இவற்றின் இயல்புகள் பெரிதும் வேறுபடுகின்றன. கேனரி தனித்திருந்து பாடும். ஃபிஞ்ச் துணையின்றித் தனித்திருக்க இயலாதது. இந்தியாவில் இவற்றை வாங்குவோர் முன் மற்றொரு கேள்வியும் எழுகிறது: 'ஃபிஞ்ச்' என்ற பெயரில் விற்கப்படுவது உண்மையில் எந்தப் பறவை?

சட்டம் கூறுவது என்ன?

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் இந்தியக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதற்கும் விற்பதற்கும் 1990-91ஆம் ஆண்டுகளிலிருந்து தடை நடைமுறையில் உள்ளது. வயல்வெளிகளிலும் புல்வெளிகளிலும் கூட்டமாகத் திரியும் சிவப்புச் சில்லை, புள்ளிச் சில்லை, கருந்தலைச் சில்லை ஆகியவையும் இத்தடைக்குள் அடங்கும். வட இந்தியாவில் 'முனியா' என்று அழைக்கப்படும் இப்பறவைகள், தோற்றத்தில் வெளிநாட்டு ஃபிஞ்சுகளை ஒத்தவை. வலையில் பிடிக்கப்பட்ட சில்லைகளுக்குப் பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்புச் சாயமிட்டு அயல்நாட்டுப் பறவைகள் என்று விற்கும் வழக்கமும் உண்டு. அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போதுதான் சாயம் வெளுக்கும். அதற்குள் வாங்கியவரும் சட்டச் சிக்கலுக்கு உள்ளாகக்கூடும்.

இறகின் நிறம் திட்டுத்திட்டாக இருத்தல், அலகிலும் கால்களிலும் சாயம் படிந்திருத்தல், மனிதர் நெருங்கியதும் கம்பிகளில் மோதிப் பதறுதல் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். கூண்டில் பிறந்த பறவையின் காலில், குஞ்சுப் பருவத்திலேயே மாட்டப்பட்ட இணைப்பில்லாத வளையம் இருப்பின் அது நல்ல சான்று. விற்பனைக் கடை, 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றதா என்று கேட்பதும், ரசீது பெறுவதும் வாங்குபவருக்குப் பாதுகாப்பு.

வீடுகளில் பரவலாக வளர்க்கப்படும் ஆஸ்திரேலிய வரிக்குருவியான ஸீப்ரா ஃபிஞ்சுக்கும் கேனரிக்கும் இத்தடை பொருந்தாது. ஆனால் ஃபிஞ்சுகளுடன் சேர்த்து விற்கப்படும் ஜாவா குருவி, சைட்ஸ் உடன்படிக்கையின் 2ஆவது பட்டியலில் இடம்பெற்றது. எனவே 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தையும் 2024ஆம் ஆண்டு விதிகளையும் பின்பற்றி, மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் அதனைப் பதிவு செய்ய வேண்டும். 'பெங்காலீஸ் ஃபிஞ்ச்' என்பது பெயரில் வங்கத்தைத் தாங்கியிருந்தாலும் வங்கத்துப் பறவையன்று. வெண்முதுகுச் சில்லையிலிருந்து ஜப்பானில் வளர்த்தெடுக்கப்பட்ட வீட்டினம். காட்டில் அது இல்லை. அதன் மூதாதையினமான வெண்முதுகுச் சில்லையோ தமிழகம் உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதிகளில் இயற்கையாக வாழ்வது; அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம்.

பாட்டுக்குக் கேனரி

கேனரி, அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள கேனரித் தீவுகள், மதீரா, அசோர்ஸ் ஆகியவற்றுக்கு உரிய பறவை. தீவுகளின் பெயர் நாயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பர்; பறவைக்குப் பெயர் தந்தவை தீவுகளே. காட்டுக் கேனரி பசுமை கலந்த மஞ்சள் நிறமும் கோடுகளும் உடையது. இன்று காணும் பளிச்சென்ற மஞ்சள் நிறம், பல தலைமுறை வளர்ப்பின் விளைவு.

தொடர்ந்து இனிமையாகப் பாடுவது ஆண் கேனரியே. பெண் பெரும்பாலும் சிறு ஒலிகளுடன் நின்றுவிடும். வெளித்தோற்றத்தைக் கொண்டு இரண்டையும் வேறுபடுத்துவது அனுபவசாலிகளுக்கே கடினம். ஆகவே பாட்டுக்காக வாங்குவோர், அந்தப் பறவை பாடுவதை நேரில் கேட்ட பின்னரே பணம் கொடுப்பது நல்லது. ஆண்டுக்கொரு முறை இறகு உதிரும் காலத்தில் பாட்டு சில வாரங்கள் நின்றுவிடும். அது பெரும்பாலும் இயல்பே, நோயன்று. இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் விட்டால் சண்டை மூளும். தனிக் கூண்டில் ஒரே ஆண் நலமாக வாழும். நன்கு பேணினால் சுமார் 10 ஆண்டுகள் வரை உயிர்வாழும்.

துணையோடு ஃபிஞ்ச்

ஸீப்ரா ஃபிஞ்ச் சுமார் 10 செ.மீ. நீளமே உடையது. ஆணின் கன்னத்தில் ஆரஞ்சு நிறத் திட்டு இருக்கும், அலகு அடர்சிவப்பு. பெண்ணுக்குக் கன்னத் திட்டு இல்லை. வெள்ளை நிற வகைகளில் மட்டும் அலகைக் கொண்டே கண்டறிய வேண்டும். வறண்ட நிலத்தில் பரிணமித்த பறவையாதலால் இந்தியச் சமவெளியின் வெப்பத்தைக் கேனரியைவிட நன்கு தாங்குகிறது. விலையும் பொதுவாகக் குறைவு.

ஒற்றை ஃபிஞ்சை வாங்குவதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. கூட்டமாக வாழும் இப்பறவை தனிமையில் வாடும். ஜோடியாக வாங்கினால் வேறொரு சிக்கல்: கூட்டுப் பெட்டியும் நாரும் கிடைத்தால் ஓயாது முட்டையிடும். ஒரு முறைக்கு 4 முதல் 6 முட்டைகள். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் குஞ்சு பொரியும். அடுத்த மூன்று வாரங்களில் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியேறும். தாய்ப்பறவை மெலிவதோடு, சில மாதங்களில் கூண்டும் நிரம்பிவிடும். பெருக்கம் வேண்டாதவர்கள் இரு ஆண்களை வளர்க்கலாம், அல்லது கூட்டுப் பெட்டியே வைக்காமல் விடலாம். மிகுந்த குஞ்சுகளை வெளியே பறக்கவிடுவது கருணையன்று. கூண்டில் பிறந்தவை வெளியில் பிழைப்பது அரிது.

கூண்டும் உணவும்

இரண்டுக்கும் உயரமான கூண்டைவிட நீளமான கூண்டே ஏற்றது. இவை மேலெழுவதைவிடப் பக்கவாட்டில் பறப்பதே மிகுதி. ஜோடிக்கு 75 செ.மீ. நீளமேனும் இருத்தல் நலம். ஃபிஞ்சுக்குக் கம்பி இடைவெளி சுமார் 1 செ.மீ. போதும். தினை முதலிய சிறுதானியம், நன்கு கழுவிய கீரை, அவ்வப்போது வேகவைத்த முட்டை, சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு, குளிக்க ஆழமற்ற தட்டில் நீர் ஆகியவை தேவை. சாக்லேட், அவகாடோ கூடாது.

இந்திய வீடுகளில் கவனிக்கத் தவறும் ஆபத்து புகையே. பறவையின் சுவாச உறுப்பு மிக நுண்ணியது. நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுவாயுவை அறியக் கேனரியைக் கொண்டு சென்றதும் இதனால்தான். கொசுவர்த்தி, சாம்பிராணி, அளவுக்கு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் பாத்திரத்தின் ஆவி ஆகியவை எட்டாத அறையிலேயே கூண்டு இருக்க வேண்டும். கூண்டைத் திறக்கும்போது மின்விசிறி ஓடக் கூடாது.

இறகைச் சிலுப்பிக்கொண்டு கூண்டின் அடியில் அமர்ந்திருப்பதும், வாலை அசைத்து மூச்சுவிடுவதும் நோயின் அறிகுறிகள். இத்துணைச் சிறிய உடலில் ஒரு நாள் தாமதமே உயிரைப் பறிக்கலாம் என்பதால், பறவைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவர் அருகில் உள்ளாரா என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்வது அவசியம்.