துறை என்னும் சொல்

கல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கப்பல் நிற்கும் இடத்தை 'டாக்' என்கிறோம். கங்கையில் நீராடும் படித்துறையைக் 'காட்' என்கிறோம். அலுவலகப் பிரிவை 'டிபார்ட்மெண்ட்' என்கிறோம். இம்மூன்றையும் தழுவி நிற்கும் தமிழ்ச் சொல் ஒன்று உண்டு. அதுவே 'துறை'.

துறை என்பது முதற்கண் நிலத்திலிருந்து நீரில் இறங்குதற்குரிய வழியாகும். ஓரிடத்தில் கரை செங்குத்தாயிருக்கும், மற்றோரிடத்தில் சேறாயிருக்கும். அச்சமின்றி இறங்கத் தக்க இடத்தை மக்கள் தேர்ந்து துறை என்றனர். நீராடுவோரும், ஆடை வெளுப்போரும், ஓடம் ஏறுவோரும் அங்கே கூடினர். காவிரிக் கரையின் மயிலாடுதுறையும், குமரி மாவட்டத்துத் தாமிரபரணிக் கரையின் குழித்துறையும் இவ்வாற்றுத் துறைகளை நினைவூட்டுவன. யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையும் காங்கேசன்துறையும் கடல் துறைகள்.

ஓடம் அணைந்த துறையிலே கலமும் அணைந்தது. 'அணைதல்' என்னும் வினை நெருங்குதலையும் குறிக்கும், தழுவுதலையும் குறிக்கும். கப்பல் கரையோடு சேர்வதற்கு இதனினும் பொருத்தமான சொல் வேண்டுமோ? சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலத் தலைவனுக்குத் 'துறைவன்' என்றே பெயர். 'சேர்ப்பன்' என்பது மற்றொரு பெயர். சேர்ப்பு என்றால் கடற்கரை.

புறநானூற்றின் 30ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் புகாரைக் குறிப்பிடுகிறார். அங்கே பெருங்கலம் ஒன்று பாயைக் களையாமலும் பாரத்தைக் குறையாமலும் ஆற்று முகத்தினுள் புகுந்ததாம். ஆழமற்ற முகத்தில் பாரம் நிறைந்த கலம் தரை தட்டும். எனவே புகாரின் நீர்வழி ஆழமானது என்பதையும் அவ்வடிகள் உணர்த்துகின்றன. 'துறைமுகம்' என்னும் சொல்லிலுள்ள 'முகம்' இத்தகைய நுழைவாயிலை நினைவூட்டுகிறது.

'டாக்' என்பதோ சற்று வேறானது. கல்கத்தா கடலிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்ளே இருந்தும், ஹூக்ளி ஆற்றில் கடலின் ஏற்றவற்றம் வந்து போகிறது. நீர் வற்றும்போது கப்பலும் தாழும். சரக்கு இறக்குதல் அரிதாகும். ஆதலால் 1892இல் திறக்கப்பட்ட கிதிர்பூர் டாக்கில் மதகுக் கதவுகளால் நீரைத் தேக்கிக் கப்பலை ஒரே மட்டத்தில் நிறுத்தினர். ஆகவே டாக் என்பது அடைத்து வைத்த நீர்நிலை; துறை என்பது மனிதர் இறங்கும் கரை. முன்னது பொறியாளர் படைப்பு. பின்னது மக்கள் கண்டறிந்த இடம்.

இச்சொல் நீரோடு நின்றுவிடவில்லை. புலவர்கள் பாடற்பொருளின் உட்பிரிவைத் துறை என்றனர். கல்வியிலும் துறைகள் பிறந்தன. தமிழகத்தில் 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் 'இலாகா' மெல்ல மறைந்து 'துறை' அரசு ஏடுகளில் நிலைபெற்றது. கோப்புகளுடன் பொழுதைக் கழிக்கும் என் போன்றோர், நம் பணிக்குரிய இச்சொல் ஓர் ஆற்றங்கரையில் பிறந்தது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

வங்காளிகள் 1830இல் எழுந்த பாபு காட்டை இன்றும் 'காட்' என்றே அழைக்கின்றனர். பக்கத்திலேயே 'டாக்' வந்த பின்னரும் தம் சொல்லை அவர்கள் கைவிடவில்லை. நாமோ சொல் இல்லாமையால் அன்று, சொல்லாமையால் இழக்கிறோம். இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் 'காட்' என்பதை நன்கறிவர். அதற்கு நம் மொழியில் துறை என்று பெயர் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், இரண்டாயிரம் ஆண்டுச் சொல் ஒன்று இன்னும் ஒரு தலைமுறைக்குக் கரை சேரும்.